கிரிப்டோ காசு காணவில்லையா? முதல் வேலையாக உதவி கேட்டு ஓடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மன்னார்குடியில் செல்போன், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களில் நடக்கும் மோசடி பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. இத்தனை லட்சம் போனது, புகார் கொடுத்தார், போலீசார் விசாரிக்கிறார்கள் என்று அதோடு முடிந்துவிடுகிறது. காசைக் காணோம் என்று தெரிந்த நேரத்திலிருந்து என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று யாரும் தமிழில் எடுத்துச் சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, இருந்தாலும் முழுதாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நம் டெல்டாவில் யார் கையில் கிரிப்டோ இருக்கப் போகிறது என்று நினைப்பவர்கள் என் கடையில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சிங்கப்பூருக்கும் குவைத்துக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போன பையன்கள், இஞ்சினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள், கூத்தாநல்லூர், நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். பெரும்பாலும் வைத்திருப்பது டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் யுஎஸ்டிடி என்ற நாணயம், கொஞ்சம் பிட்காயின். "அண்ணே, வாலட்ல காசு காட்டல" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

நான் பார்த்தவரையில் அப்படி வருகிறவர்களில் நிறையப் பேருக்குக் காசு எங்கும் போயிருக்காது. கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பதற்றத்தில் எவனோ ஒருவனிடம் உதவி கேட்கப் போய், அங்கேதான் உண்மையாகவே பறிகொடுக்கிறார்கள்.

வாலட் ஆப்புக்குள் காசு இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பாஸ்புக்கில் பணம் இருக்கிறதா? வங்கியில் இருப்பதைப் பாஸ்புக் காட்டுகிறது. அதுபோல நாணயக் கணக்கு பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் இருக்கிறது, அதை ஆப் நமக்குக் காட்டுகிறது. ஆப் சரியாகக் காட்டாமல் போகப் பல காரணங்கள் உண்டு. பிளாக்செயின் நெட்வொர்க் ஒன்று மட்டும் இல்லை, ஒரே யுஎஸ்டிடி ட்ரான் நெட்வொர்க்கிலும் ஓடுகிறது, எத்தீரியத்திலும் ஓடுகிறது, பிஎன்பி செயினிலும் ஓடுகிறது. வங்கிக் கணக்கு எண் மாதிரி வாலட்டுக்கு ஒரு முகவரி உண்டு. ட்ரான் முகவரி 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். எத்தீரியம், பிஎன்பி இரண்டுக்கும் முகவரி ஒரே மாதிரி, பூஜ்யமும் எக்ஸும் போட்டுத் தொடங்கும். நாணயத்தை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சிலிருந்து பிஎன்பி செயின் வழியாக அனுப்பிவிட்டு வாலட்டில் எத்தீரியம் பக்கத்தைத் திறந்து பார்த்தால் பூஜ்யம்தான் தெரியும். நெட்வொர்க்கை மாற்றிப் பார்த்தால் காசு அங்கேயே இருக்கும். சில டோக்கன்களை நாமே ஆப்பில் சேர்த்தால்தான் தெரியும். இன்னும் சிலருக்குக் காசு தெரியும், அனுப்ப முடியாது, ஏனென்றால் கட்டணம் கட்ட அந்தந்த நெட்வொர்க்கின் சொந்த நாணயம், ட்ரானுக்கு டிஆர்எக்ஸ், எத்தீரியத்துக்கு ஈத்தர், கொஞ்சம் வாலட்டில் இருக்க வேண்டும். இதெல்லாம் இழப்பே கிடையாது.

அதனால் காசு காட்டவில்லை என்றால் ஆப்பை அழிக்காதீர்கள், போனை ஃபார்மட் பண்ணாதீர்கள், யாருக்கும் மெசேஜ் போடாதீர்கள். அனுப்பியவரிடம் அந்தப் பரிவர்த்தனையின் எண்ணைக் கேளுங்கள். டிஎக்ஸ் ஐடி, ஹாஷ் என்றெல்லாம் சொல்வார்கள், நீளமாக இருக்கும். எத்தீரியம் என்றால் ஈதர்ஸ்கேன், ட்ரான் என்றால் ட்ரான்ஸ்கேன், அந்த இணையதளத்தில் எண்ணைப் போட்டுத் தேடினால் போதும். பாஸ்வேர்டு கேட்காது, பைசா கேட்காது. எங்கிருந்து எந்த முகவரிக்குப் போனது, முடிந்ததா, பாதியில் நிற்கிறதா, தோற்றுப்போனதா எல்லாம் தெரியும். அனுப்பிவிட்டேன் என்பவர் அந்த எண்ணைத் தரவே மாட்டேன் என்றால் அவர் அனுப்பவில்லை என்றுதான் அர்த்தம். காசு எக்ஸ்சேஞ்ச் கணக்குக்குப் போகும்போது தப்பான நெட்வொர்க்கில் போயிருந்தாலோ, எக்ஸ்ஆர்பி போன்ற நாணயங்களுக்கு, யார் கணக்கு என்று காட்டப் போட வேண்டிய டேக் எண்ணை விட்டிருந்தாலோ, அந்த எக்ஸ்சேஞ்சின் ஆப்புக்குள்ளேயே இருக்கும் உதவிப் பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். சில நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு மீட்டுத் தருகின்றன, சிலது தருவதில்லை.

வடுவூர் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். பையன் குவைத்தில் இருக்கிறான். சேர்த்து வைத்த யுஎஸ்டிடியைத் தன் வாலட்டுக்கு மாற்றினான், காட்டவில்லை. டெலிகிராம் குரூப் ஒன்றில் கேட்டிருக்கிறான். கேட்ட கொஞ்ச நேரத்தில் வாலட் கம்பெனியின் படத்தையும் பெயரையும் போட்ட ஒருவன் தனி மெசேஜில் வந்து, ரொம்ப மரியாதையாகப் பேசி, ஒரு லிங்கை அனுப்பி, வாலட்டைச் சரிபார்க்க, வாலட் தொடங்கும்போது அதற்குச் சாவி மாதிரி தரப்படும் 12 வார்த்தையை அதில் போடச் சொல்லியிருக்கிறான். போட்டான். போட்ட உடனே எல்லாம் போய்விட்டது. பிறகு நான் அந்தப் பேரேட்டை எடுத்துப் பார்த்தபோது, அவன் அந்த வார்த்தைகளை டைப் செய்யும் வரைக்கும் காசு அவன் முகவரியிலேயே பத்திரமாக இருந்திருக்கிறது. பிஎன்பி செயினில் இருந்ததை அவன் எத்தீரியத்தில் தேடியிருக்கிறான்.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. அடுத்த வாரமே வேறொருவன், போன கிரிப்டோவை மீட்டுத் தரும் நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு வந்தான். காசைக் கண்டுபிடித்துவிட்டோம், முடக்கி வைத்திருக்கிறோம், இந்திய அரசுக்கு 30 சதவீத வரியை முன்னால் கட்டினால் விடுவித்துவிடுவோம் என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டியிருக்கிறான். ஊரில் அப்பா நகையை அடகு வைத்துக் கட்டினார். என் கடைக்கு வந்து, "தம்பி, இவங்க அனுப்புன பேப்பர் நிஜம்தானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று அவர் கேட்டபோது கட்டி முடித்திருந்தார். எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. முதல் திருடனைவிட இந்த இரண்டாவது ஆள் மோசமானவன், ஏனென்றால் யார் ஏற்கெனவே இழந்து தவிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே வருகிறான்.

இந்த வரி விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்மைதான், 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் 2022 ஜூலையிலிருந்து பிடிக்கிறார்கள். இந்திய எக்ஸ்சேஞ்சில் விற்றால் டிடிஎஸ்ஸை அவர்களே பிடித்துவிடுவார்கள். மிச்ச வரியை நாம் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அரசுக்கு நேராகக் கட்டுகிறோம். உங்கள் காசை விடுவிக்க எவனுடைய யுபிஐ எண்ணுக்கோ வாலட்டுக்கோ முன்கூட்டியே வரி கட்டும் முறை இந்தியாவில் கிடையவே கிடையாது. அப்படிக் கேட்டால் அவன் திருடன், பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

சரி, உண்மையாகவே திருடுபோயிருந்தால்? மிச்சம் ஏதாவது இருந்தால் முதலில் அதைக் காப்பாற்றுங்கள். பாஸ்வேர்டை மாற்றிப் பிரயோஜனமில்லை. 12 வார்த்தை வெளியே போய்விட்டது என்றால் அந்த வாலட் முழுக்க அவன் கையில். வேறொரு சுத்தமான போனில் புது வார்த்தைகளோடு புது வாலட் தொடங்கி மிச்சத்தை அங்கே மாற்ற வேண்டும். எக்ஸ்சேஞ்ச் கணக்கில் போனது என்றால், கணக்கை முடக்கச் சொல்லுங்கள், ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். சிம்மில் திடீரென்று சிக்னல் இல்லாமல் போயிருந்தால் அதையும் கவனியுங்கள், உங்கள் நம்பரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கலாம்.

கையோடு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள், சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு, வீட்டில் தெரிந்தால் திட்டுவார்கள் என்று நாலு நாள் தள்ளிப்போடுவதில்தான் பெரும்பாலான காசு கைமீறிப் போகிறது. கிரிப்டோ வாங்க வங்கியிலிருந்தோ யுபிஐ வழியாகவோ அனுப்பிய பணமாக இருந்தால், அது எடுக்கப்படும் முன்னால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. திருடிய நாணயம் அடையாளச் சான்று வாங்கும் ஒரு எக்ஸ்சேஞ்சுக்குள் போயிருந்தால் போலீஸ் கேட்டு நிறுத்தலாம். யுஎஸ்டிடியை அதை வெளியிடும் டெதர் நிறுவனமே முடக்க முடியும், காவல்துறை கேட்டு முடக்கியும் இருக்கிறார்கள். பிட்காயினை அப்படி முடக்க யாராலும் முடியாது. எதுவாக இருந்தாலும் பரிவர்த்தனை எண், இரண்டு பக்க முகவரி, பேசிய மெசேஜ்கள், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். கோபத்தில் அந்த மெசேஜ்களை அழித்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர், தயவுசெய்து அழிக்காதீர்கள்.

இதெல்லாம் சட்டவிரோதமான காசு, புகார் கொடுத்தால் நம்மைத்தான் பிடிப்பார்கள் என்று ஒரு பயம் நம் ஊரில் இருக்கிறது. அப்படி இல்லை. கிரிப்டோ தொழிலுக்கு வங்கிச் சேவை தரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையை 2020 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 2025 அக்டோபரில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்துதான், அதை உடைமையாக வைத்திருக்கலாம், நம்பிக்கையின் பேரில் ஒப்படைத்தும் வைக்கலாம் என்று தீர்ப்பளித்தார். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்ட பிறகு, தன் கணக்கில் இருந்த எக்ஸ்ஆர்பி முடங்கிப்போன ஒரு முதலீட்டாளர் போட்ட வழக்கு அது. சொத்து என்றால் அது திருடுபோனதாகப் புகார் கொடுக்கவும் உரிமை உண்டு.

அதே வழக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. எக்ஸ்சேஞ்சில் விட்டு வைத்தால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். வங்கி மூழ்கினால் 5 லட்சம் வரை வைப்புத்தொகைக் காப்பீடு இருக்கிறது, கிரிப்டோவுக்கு அந்தக் காப்பீடு இல்லை. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற பெரிய எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 150 கோடி டாலர் போனது. கொஞ்சமாக வாங்கி விற்பவர்கள் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சில் வைத்துக்கொள்ளலாம், பெரிய தொகை என்றால் சொந்த வாலட்தான் நல்லது என்பது என் கருத்து. ஆனால் சொந்த வாலட் என்றால் அந்த 12 அல்லது 24 வார்த்தையைக் காப்பாற்றுகிற பொறுப்பு முழுக்க நம்முடையது.

அதைப் போனில் போட்டோ எடுத்து வைக்காதீர்கள். கேலரியில் இருப்பது தானாக இணையத்துக்கு ஏறிவிடலாம். 2025 பிப்ரவரியில் ஸ்பார்க்கேட் என்ற வைரஸைக் கண்டுபிடித்தார்கள், போனில் உள்ள படங்களில் இருக்கும் எழுத்தைப் படித்து இந்த வார்த்தைகளைத் தேடி எடுக்கிற வேலையைச் செய்தது, கூகுள், ஆப்பிள் இரண்டு ஸ்டோரிலும் இருந்த ஆப்களுக்குள்ளேயே புகுந்திருந்தது. வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைப்பதும் வேண்டாம். காகிதத்தில் கையால் எழுதி, இரண்டு பிரதி, இரண்டு இடத்தில். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தப் பக்கம் எத்தனை வீட்டில் கூரை போய்ப் பத்திரங்கள் நனைந்தன என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒரு பிரதியாவது வங்கி லாக்கரில் இருக்கட்டும், முடிந்தால் உலோகத் தகட்டில் பொறித்து வைக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள், அப்படி ஒன்று இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.

என் தொழில் சம்பந்தமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். வாலட் இருக்கும் போனைச் சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்னால், எந்தக் கடையாக இருந்தாலும் சரி, என் கடையாக இருந்தாலும் சரி, அந்த வார்த்தைகள் எழுதி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாலட் ஆப்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள், பிறகு அதே வார்த்தைகளைப் போட்டுத் திரும்பக் கொண்டுவரலாம். எழுதி வைக்காமல் ஆப்பை அழித்தாலோ, போனை ரீசெட் செய்தாலோ, அந்தக் காசு நிஜமாகவே போய்விட்டது. நானும் மீட்க முடியாது, ஆப் செய்த கம்பெனியும் மீட்க முடியாது. மீட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அப்புறம், முகவரியைக் காப்பி செய்து ஒட்டும்போது முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்து மட்டும் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். அதே மாதிரி முதலும் கடைசியும் வருகிற போலி முகவரியிலிருந்து ஒரு சில்லறைத் தொகையை அனுப்பி, உங்கள் பழைய பரிவர்த்தனைப் பட்டியலில் அதை இடம்பெறச் செய்கிறார்கள், நீங்கள் அதையே எடுத்து அனுப்பிவிடுவீர்கள் என்று. முழுதாக ஒத்துப் பாருங்கள், முதலில் சின்னத் தொகை அனுப்பி அது போய்ச் சேர்ந்த பிறகு மிச்சத்தை அனுப்புங்கள்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இரண்டுதான். கிரிப்டோ மோசடிச் செய்தி போடும் ஒவ்வொரு முறையும் கீழே ஒரு சின்னக் கட்டத்தில் 1930 என்ற எண்ணையும், 12 வார்த்தையை யாரிடமும் சொல்லக் கூடாது, மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவன் மோசடிக்காரன் என்பதையும் அச்சிடுங்கள். காவல்துறைக்கும் இதை எடுத்துச் செல்லுங்கள்: எந்தக் காவல் நிலையமும் எல்லையைக் காரணம் காட்டாமல் புகாரைப் பதிய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2024 ஜூலையிலிருந்தே சொல்கிறது, ஆனாலும் கிரிப்டோ என்ற சொல்லைக் கேட்டதும் தாலுகா காவல் நிலையத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று என் கடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். அந்த அலைச்சலிலேயே ஒரு நாள் போய்விடுகிறது. குறுவை அறுவடை முடிந்து கொள்முதல் நிலையப் பணம் வங்கியில் ஏறும் புரட்டாசி, ஐப்பசி மாதத்துக்கு முன்னால் இதைச் செய்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
மன்னார்குடி.