3 மணி நாடகத்துக்கு 4 மணி டிக்கெட் கொடுத்தது பற்றி

வணக்கம்.

இது நான் உங்களுக்கு அனுப்பும் ஐந்தாவது மெயில். முதல் நான்குக்கும் "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில்தான் வந்தது. இதையாவது ஒரு மனிதர் படிப்பார் என்று நம்பி எழுதுகிறேன்.

போன மாதம் இரண்டாவது ஞாயிறு, ஆழ்வார்ப்பேட்டையில் ஒரு சின்ன மாடி அரங்கில் நடந்த நாடகத்துக்கு உங்கள் ஆப்பில் மூன்று டிக்கெட் எடுத்தேன். தலைக்கு 350. கன்வீனியன்ஸ் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 1,156 ரூபாய் 20 காசு. யாருடைய கன்வீனியன்ஸோ தெரியவில்லை. டிக்கெட்டில் மாலை 4 மணி. நாடகம் 3 மணிக்கே தொடங்கிவிட்டது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரையும் சித்தியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி 3.40. கதவு சாத்தியிருந்தது. அது அறுபது நாற்காலி போட்ட ஒரு ஹால், அவ்வளவுதான். நடிகர்கள் நடிக்கும் இடத்தைத் தாண்டித்தான் உட்காரப் போக வேண்டும், இடைவேளையும் கிடையாது, பாதியில் எப்படி விடுவார்கள்? அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. வாசலில் இருந்த பையன் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தான், நேரம் மாறியதைப் புதன்கிழமையே உங்களுக்கு அனுப்பிய மெயிலையும் போனில் காட்டினான். மயிலாப்பூர் ஆர்.ஆர். சபாவில் டிராமா பார்த்து வளர்ந்த என் அம்மா, அன்றைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து உள்ளே கைதட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் ஆப்பில் அந்த மஞ்சள் பட்டை வருமே, சினிமா தள்ளிப்போனால் உடனே வருமே, அது ஏன் வரவில்லை?

அப்புறம் உங்கள் கஸ்டமர் கேர். முதலில் பேசிய பெண் அரங்கத்தில் கேட்கச் சொன்னார், அரங்கத்தில் பணம் உங்களிடம்தான் இருக்கிறது என்றார்கள், அடுத்தவர் வங்கியைக் கேட்கச் சொன்னார். இன்னொருவர், நேரம் மாறியது உண்மை என்று அரங்கத்தில் சீல் வைத்த கடிதம் வாங்கி வாருங்கள் என்றார். செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுப் போனேன். பூட்டு தொங்கியது. காட்சி இருக்கும் நாளில்தான் திறப்பார்களாம், பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். நீங்கள் டிக்கெட் விற்கும் இடம் என்றைக்குத் திறந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியாதா?

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். வியாழக்கிழமை இரவு பேசிய அந்த ஆளை விட முடியாது. "டிராமாதானே மேடம், கடைசி அரை மணி நேரம் பாத்திருந்தாலே கதை புரிஞ்சிருக்குமே" என்று சிரித்தார். சிரித்தார்! நீங்கள் வராததால் 'நோ ஷோ', ரீஃபண்ட் கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் நூறு ரூபாய் கூப்பன் வந்தது, சினிமாவுக்கு மட்டும் செல்லும் என்று. அம்மா தியேட்டருக்குப் போய்ப் பத்து வருடம் ஆகிறது.

ஆட்டோ, ரயில், அரைநாள் சம்பளம், ஒரு மாத நிம்மதி எல்லாம் கணக்குப் போட்டால் நீங்கள் எனக்குப் பத்தாயிரம் தர வேண்டும். சரி, அதைக் கேட்கவில்லை. 1,156 ரூபாய் 20 காசைத் திருப்பிக் கொடுங்கள், அந்த ஆள் என் அம்மாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் உங்கள் குறைதீர்ப்பு அதிகாரி அதைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகளில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைப்பேன், அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம்கூடக் கிடையாது. தயவுசெய்து என்னை அங்கே அலைய வைக்காதீர்கள், ஏற்கெனவே அலைந்தது போதும்.

டிக்கெட், அரங்கத்தின் மெயில், உங்கள் நான்கு பதில்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் அழையுங்கள். வியாழக்கிழமை ஆள் வேண்டாம், வேறு யாராவது.