நீச்சல் குளத்துக்கு இயன்முறை மருத்துவர் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினால் நீச்சல் பயிற்சி முகாம்களைப் பற்றிய செய்திகள் எல்லா நாளிதழ்களிலும் வருகின்றன. முகாமில் சேரும் பிள்ளைகளில் சிலர் அதோடு நின்றுவிடுவதில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து குளத்துக்குப் போகிறார்கள். மாவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று முன்னேறுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தோளிலோ முழங்காலிலோ வலி வந்தால் சொந்த ஊரில் யாரிடம் போவது? இதைப் பற்றி எவரும் எழுதி நான் பார்த்ததில்லை.

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு கைகளையும் ஒருசேரத் தலைக்கு மேல் வீசும் ‘பட்டர்ஃபிளை’ முறையில் நீந்துபவள். சென்ற ஆண்டு அவளுக்கு வலது தோளின் முன்பக்கத்தில் வலி தொடங்கியது. முதலில் பயிற்சி முடிந்த பிறகு மட்டும் வலித்தது. பிறகு புத்தகப் பையை மாட்டும்போது, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும்போது என்று வளர்ந்தது. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே பார்த்தார், எலும்பில் கோளாறு இல்லை என்றார், மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “நீச்சலை விட்டுவிடுங்கள், பொதுத்தேர்வு வருகிறதே” என்றார். அடுத்துப் போன சிகிச்சை மையத்தில் தினமும் படுக்க வைத்து ஒத்தடம் கொடுத்தார்கள், மின்சிகிச்சைக் கருவியை வைத்தார்கள். வலி அடங்கியது. குளத்தில் இறங்கிய வாரமே திரும்பவும் வந்தது. அவள் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நீந்துகிறாள், எந்த முறையில் நீந்துகிறாள் என்று இரண்டு இடத்திலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். ஒரு பிள்ளை 5 கிலோமீட்டர் நீந்துகிறாள் என்றால், 25 மீட்டர் குளத்தில் அது 200 நீளம். ஒரு நீளத்துக்குப் பதினெட்டுக் கைவீச்சு என்று வைத்துக்கொண்டாலும் 3,600 வீச்சுகள், அதுவும் ஒரே காலையில். தோள்பட்டை எலும்பைப் பிடித்து நிறுத்தும் தசைகள் களைத்துவிட்டால், தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் தோளின் தசைநாண்கள், கிணற்று விளிம்பில் கயிறு தேய்வதுபோலத் தேய்கின்றன. மருத்துவத்தில் இதற்கு ‘ஸ்விம்மர்ஸ் ஷோல்டர்’ என்றே பெயர். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் பிள்ளைகளுக்கு, காலை வெளிப்பக்கமாக வளைத்து உதைப்பதால் முழங்காலின் உட்புறத் தசைநார் வலிக்கிறது. பட்டர்ஃபிளைக்காரர்களுக்கு இடுப்பும் சேர்ந்துகொள்கிறது. ஒத்தடம் இந்த வலியைத் தணிக்கலாம். வலிக்குக் காரணமான பலவீனம் அப்படியே இருக்கும்.

கடைசியில், பள்ளிக் கிரிக்கெட் பந்துவீச்சாளர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் ஓர் இளம்பெண் இயன்முறை மருத்துவரை (பிசியோதெரபிஸ்ட்) கண்டுபிடித்தோம். அவர் முதலில் கேட்டது மகள் நீந்தும் வீடியோவை. பிறகு பின்னால் நின்று, அவள் கைகளைத் தூக்கி இறக்கும்போது இரண்டு தோள்பட்டைகளும் எப்படி அசைகின்றன என்று பொறுமையாகப் பார்த்தார். எந்தப் பக்கம் தலையைத் திருப்பி மூச்சு எடுக்கிறாள், நீரைத் தள்ளக் கையில் மாட்டும் தட்டான பேடிலைப் பயன்படுத்துகிறாளா, அண்மையில் பயிற்சித் தூரத்தைக் கூட்டினார்களா என்றெல்லாம் கேட்டார். நீச்சலை நிறுத்தச் சொல்லவில்லை. பேடிலும் பட்டர்ஃபிளையும் வேண்டாம். கைகளை உடலோடு ஒட்டி வைத்துக் கால் உதைப்பு மட்டும் போதும். கையை முன்னால் நீட்டி மிதவைப் பலகையைப் பிடிப்பதும் இப்போதைக்குக் கூடாது என்றார். ரப்பர் பட்டை கொண்டு வீட்டில் செய்யும் பயிற்சிகளைக் கற்றுத்தந்தார். பயிற்சியாளரிடம் தாமே தொலைபேசியில் பேசினார். அந்த ஒரு அழைப்பு செய்த நன்மையை எந்தக் கருவியும் செய்யவில்லை. வலியைத் தாங்கினால்தான் பதக்கம் என்று நம்பும் பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெற்றோர் சொன்னால் அவர்கள் கேட்பதில்லை.

அவர் பெண் என்பதும் எங்களுக்குப் பெரிய உதவி. தோள்பட்டையைப் பார்க்க மேலாடையை விலக்க வேண்டியிருக்கிறது. பதின்வயதுப் பெண்கள் அதற்குக் கூச்சப்பட்டு வலியை மறைத்துவிடுகிறார்கள். குளத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் அப்படியே நீச்சலை விட்டுப் போனார்கள். நல்ல திறமைசாலிகள். நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

காயத்தோடு ஒரு நீச்சல் வாழ்க்கை முடிந்துவிட வேண்டியதில்லை. நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ், கழுத்துக் காயத்திலிருந்து மீண்டு வந்து 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் நீந்தினார். ஒலிம்பிக்கில் நேரடியாக இடம் பெற்றுத்தரும் ‘ஏ’ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்தான். அந்த உயரத்துக்குப் போனவர்களுக்குச் சிகிச்சை தேடி வரும். மாவட்ட அளவில் நீந்தும் பிள்ளைக்கு வராது. சென்னைக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். மதுரையிலிருந்து வாரா வாரம் யாரால் போய்வர முடியும்?

நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. பி.பி.டி. என்ற இயன்முறை மருத்துவப் படிப்பை முடித்த பட்டதாரிகள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருக்கும் நோயாளிகளின் வீட்டுக்கே இயன்முறை மருத்துவரை அரசு அனுப்புகிறது. வீட்டு வாசல்வரை அனுப்ப முடிந்த அரசால் குளத்தங்கரைக்கும் அனுப்ப முடியும். நீச்சல் குளம் உள்ள மாவட்ட விளையாட்டு வளாகங்களில் வாரத்துக்கு இரண்டு காலை, பயிற்சி நேரத்தில், ஓர் இயன்முறை மருத்துவர் இருந்தால் போதும். பக்கத்தில் இயன்முறை மருத்துவக் கல்லூரி இருந்தால், உள்ளுறைப் பயிற்சி மாணவர்களையும் பேராசிரியர் ஒருவரின் பொறுப்பில் அனுப்பலாம். பிள்ளைகள் நீந்துவதைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வது அவர்களுக்கும் நல்லது.

இதற்கு நிதி ஒதுக்கக் காலமாகும் என்றால், பணமே செலவாகாத ஒன்றை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் உடனே செய்யலாம். குளத்தின் கட்டணமும் நேரமும் எழுதியிருக்கும் பலகைக்குப் பக்கத்தில், விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் உள்ளூர் இயன்முறை மருத்துவர்களின் பெயர், பட்டம், தொலைபேசி எண்ணை அவர்கள் சம்மதத்தோடு எழுதி வைக்க வேண்டும். பெண் மருத்துவர் யார் என்பதும் அதில் தெரிய வேண்டும். வரும் கோடை முகாமுக்கு முன்பே இதைச் செய்யும்படி உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நீச்சல் வீராங்கனையின் தாய்,
மதுரை.