சென்னைக்கு வரப்போகும் தேவிக்கு

அன்புள்ள தேவி,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது நிம்மதி. அண்ணனுக்கு அம்பத்தூருக்கு மாற்றல் உறுதி என்று எழுதியிருந்த வரியை இவரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை வாசித்துக் காட்டினேன். பாளையங்கோட்டையில் கல்லூரி முடித்தபின் இப்போதுதான் நாம் ஒரே ஊரில் இருக்கப்போகிறோம். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் இரண்டாம் வகுப்பு போகிறாள், சின்னவனுக்கு நாலு வயது.

வாய்க்காலும் தோப்புமாக ஓடித் திரிந்த பிள்ளைகளை அடுக்குமாடி வீட்டில் அடைத்து வைக்கணுமே என்று வருத்தப்பட்டிருக்கிறாய். அந்தப் பயமே வேண்டாம் டி. பிள்ளைகளுக்கு இந்த ஊரில் நிறைய இருக்கிறது, அதில் பாதிக்குக் காசும் அதிகம் ஆகாது. மாலுக்கு மட்டும் பழக்கிவிடாதே. மழைக்கும் கத்திரி வெயிலுக்கும் அது உதவும், அவ்வளவுதான். அங்கே போனால் பார்ப்பதையெல்லாம் கேட்பார்கள், நாம் எல்லாவற்றுக்கும் இல்லை என்போம், கடைசியில் இரண்டு பக்கமும் முகம் வாடித்தான் வீடு திரும்பும்.

நாங்கள் திருவான்மியூரில் இருப்பதால், தூண்களுக்கு மேலே ஓடும் பறக்கும் ரயில் பக்கம். சின்னவனுக்கு அந்த ரயிலே ஒரு ஊர்சுற்றல்தான். அடையாற்றுக்கு மேலே போகும்போது ஜன்னலை விட்டு நகரமாட்டான். கோட்டூர்புரத்தில் இறங்கினால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்தது. குழந்தைகள் பகுதியின் நடுவே பெரிய மரம் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள், அதைச் சுற்றி உட்கார்ந்து படிக்கலாம். பெரியவள் தமிழில் சரளமாக வாசிக்க ஆரம்பித்தது அங்கேதான், பள்ளிக்கூடத்தில் இல்லை. கோளரங்கமும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதே. ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். காலையிலேயே கிளம்பி, பசி வருமுன் திரும்பிவிடணும். பசியும் வெயிலும் சேர்ந்தால் எந்த இடமும் பிள்ளைகளுக்குப் பிடிக்காது.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நாம் சேர்ந்து போவோம். 1851-இல் தொடங்கியது. திமிங்கலத்தின் எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது, பிள்ளைகள் வாயைப் பிளந்து நிற்பார்கள். நீ செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்துக்கு வந்துவிடு. திருவாலங்காட்டு நடராஜரையும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரையும் கூட்டமில்லாமல், பக்கத்தில் நின்று, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். கோயிலில் அலங்காரத்துக்குள் மறைந்துபோகிற விரல்களும் இடுப்பின் வளைவும் அங்கே தெளிவாகத் தெரியும். வெள்ளிக்கிழமை விடுமுறை, நமக்குப் பிரச்சினை இல்லை.

கிண்டி பற்றிக் கேட்டிருந்தாய். ஊருக்கு நடுவே தேசியப் பூங்கா, மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத காடு. அதற்குள் புள்ளிமானும் வெளிமானும் திரிகின்றன. பக்கத்தில் பாம்புப் பண்ணை. பெரியவளுக்குப் பாம்பு பயம் போனது அங்கேதான். இப்போது சாரைக்கும் நாகத்துக்கும் வித்தியாசம் சொல்கிறாள்.

ஆனால் எது எனக்கு மிகவும் பிடித்தது என்று கேட்டால், பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமைக்குஞ்சு விடும் சாயங்காலம்தான். பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை இரவில் கரையேறி மணலில் முட்டையிடும், ஒரு குழியில் நூறுக்கும் மேலே. 1988-லிருந்து மாணவர்களும் தன்னார்வலர்களுமாக நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் நடந்து, குழிகளைத் தேடி, முட்டைகளை எடுத்து வேலி போட்ட இடத்தில் பத்திரமாகப் புதைத்து வைக்கிறார்கள். குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்துத்தான் கடலுக்குப் போகும். கரையோர விளக்குகள் அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடும், அதனால்தான் இவ்வளவு பாடு. பொரிக்க 45 முதல் 60 நாள். பொரித்தபின் பொழுது சாய்கிற நேரத்தில் மணலில் விடுவார்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சுகள், துடுப்புக் கையால் மணலைத் தள்ளித் தள்ளிப் போகும். அலை ஒன்று வந்து பின்னுக்குத் தள்ளிவிடும், மறுபடி எழுந்து போகும். சின்னவன் அன்றைக்குப் பேசவே இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு அதிகம், குறைந்தால் ஆண் என்று ஒரு கல்லூரிப் பையன் பெரியவளுக்குப் பொறுமையாக விளக்கினான்.

2025 தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. நாங்களும் பார்த்தோம். ஆமை ஏன் கடலிலேயே மூழ்கிச் செத்தது என்று பெரியவள் கேட்டாள். அதுவும் நம்மைப் போல மூச்சுவிட மேலே வரணும், வலையில் மாட்டினால் வர முடியாது என்று சொன்னேன். சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று இவர் தயங்கினார். சொல்லத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். கடலை அலை விளையாட மட்டும் காட்டி வளர்க்க எனக்கு மனசில்லை.

அப்புறம், வீடு பார்க்கும்போது ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறதா என்று அண்ணனைக் கவனிக்கச் சொல். அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் வரை மின்சார ரயில் இருக்கிறது. சாலை வழியாக வந்தால் சனிக்கிழமை பாதி வண்டியிலேயே போய்விடும். பிள்ளைகளுக்குப் பள்ளி பேசிவிட்டீர்களா? அத்தையும் கூட வருகிறார்களா, இல்லை ஊரில்தானா? வருகிறார்கள் என்றால் நூலகத்துக்கு அவர்களையும் கூட்டிப் போகலாம், லிப்ட் இருக்கிறது. வரும் தேதி தெரிந்ததும் எழுது, ரயிலடிக்கு நாங்கள் வருகிறோம். வரும்போது சாத்தூர்ச் சேவு கொண்டுவா, இங்கே கிடைப்பது அந்த ருசியில் இல்லை.

அன்புடன்,
உன் மீனா