பினாங்கிலிருந்து அப்பாவுக்கு

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். டாக்டர் காபியைக் குறைக்கச் சொன்னாராம், கொட்டையை இளவறுப்பாக வாங்கினாலே போதும் என்று சித்தப்பா சொல்கிறாராம். போதாது அப்பா. அதைச் சொல்லத்தான் உடனே எழுதுகிறேன்.

என் அறைக்குக் கீழே ஒரு சீனப் பெரியவர் காபி வறுக்கிறார். யாரையும் உள்ளே விடாதவர், என்னை மட்டும் ஏனோ விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேதான் இருப்பேன். சூடு ஏறியதும் ரேடியோவையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உருளைப் பக்கம் காதை வைத்துக்கொள்வார். 200 டிகிரி வாக்கில் கொட்டை பட்பட்டென்று வெடிக்கும். அதையொட்டி இறக்கினால் இளவறுப்பு: வெளிர்ப் பழுப்பு, எண்ணெய்ப் பசை இல்லை, புளிப்பு தூக்கலாக இருக்கும். இன்னும் கொஞ்சம் விட்டால் புளிப்பு அடங்கும், நம் வீட்டுக் காபி அந்தப் பக்குவம். 225-ஐ நெருங்கும்போது மறுபடி வெடிக்கும், இந்தத் தடவை சன்னமாக, வேகமாக. அப்புறம் மேலே எண்ணெய் மினுங்கும், கசப்புதான் முன்னால் நிற்கும்.

இங்கத்திய கோப்பிக்கு அதுவும் போதாது. சர்க்கரையும் மார்ஜரினும் போட்டுக் கறுக்க விடுகிறார். தட்டில் கொட்டியதும் பாகு இறுகிக் கட்டியாகிவிடும், தட்டி உடைக்க வேண்டும். பக்கத்து ஊரான ஈப்போவின் பேர்போன வெள்ளைக் காபிக்கு மார்ஜரின் மட்டும், சர்க்கரை இல்லாததால் அவ்வளவு கறுக்காது.

ஆனால் நிறம் எப்படி மாறினாலும், காபியில் தூக்கத்தை விரட்டுகிற காபின் என்ற சத்து பெரிதாகக் குறைவதில்லை. கொட்டையின் ஜாதியில்தான் விஷயம். ரொபஸ்டாவில் அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உண்டு. ரொபஸ்டா கலக்காமல் அரைத்துத் தரச் சொல்லுங்கள். சிக்கரியில் காபின் கிடையாது, அது இருக்கட்டும். வறுப்பை மாற்றுவதைவிட டம்ளரைக் குறைப்பதுதான் வழி. நாலு மணிக் காபியை அம்மா கண்டிப்பாக நிறுத்திவிடட்டும்.

விடிகாலையில் கீழிருந்து வாசனை ஏறி வரும்போது அம்மா டிகாஷன் இறக்குகிறாள் என்றே தோன்றிவிடுகிறது. கண்ணைத் திறக்க மனம் வருவதில்லை அப்பா.

சரி, செல்வியின் சங்கிலியை இப்போது மீட்க வேண்டாம், வட்டியை மட்டும் கட்டிவையுங்கள். ஓவர்டைம் கொஞ்ச நாளாக இல்லை, நன்றாக ஓய்வு கிடைக்கிறது, கவலைப்படாதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் தேதி கேட்டால் தை என்று சொல்லுங்கள். மழைக்கு முன் கொல்லைச் சுவரைப் பூசிவிடப் பெரியத்தானிடம் சொல்லுங்கள், மேஸ்திரிக்கு அடுத்த மாதம் அனுப்புகிறேன். பிரஷர் மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்
குமார்