செயலாளர் ஆண்டறிக்கை: பழைய மெட்டல் டிடெக்டர்களும் அவற்றின் சர்க்யூட் படங்களும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பெங்களூரில் அல்சூர், விவேக் நகர், ஸ்ரீராமபுரம் பக்கமிருந்து வந்திருப்பவர்களுக்கும், விடியற்காலை கோலார் தங்கவயல் பக்கத்து மாரிகுப்பத்தில் ரயில் ஏறி வந்திருக்கும் அண்ணன்மார் இருவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், அதனால் நான் ரூபாய்க் கணக்குக்குள் போகவில்லை. பழைய மெட்டல் டிடெக்டர்களைப் பழுதுபார்க்கும் நம் சங்கத்தின் மேசையில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மாதம் ஒரு ஞாயிறு கூடுவது வழக்கம். மழையால் ஒரு கூட்டம் நின்றுபோக, 11 கூட்டங்கள் நடந்தன. பழுது என்று வந்த டிடெக்டர்கள் 14. அவற்றில் 9 மறுபடி பேசுகின்றன, 2 உதிரிபாகத்துக்குப் போய்விட்டன, 3 இன்னும் மூடி கழற்றியபடியே இருக்கின்றன. சரியான 9இல் சர்க்யூட் படத்தோடு வந்தவை 4. அந்த நாலும் ஒன்றிரண்டு ஞாயிறுகளில் முடிந்தன. படம் இல்லாத ஐந்துக்குத்தான் மீதி வருஷம் முழுக்கப் போயிற்று. அதனால் இந்த அறிக்கையில் படத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் இல்லாத போர்டை எப்படி வரைகிறோம் என்று புது உறுப்பினர்கள் கேட்டார்கள். நம் அல்சூர் ஐயா செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். போர்டுக்கு அடியில் ஒரு டார்ச்சை வைப்பார், செப்புத் தடங்கள் நிழல் மாதிரி மேலே தெரியும், அதன் மேல் பட்டர் பேப்பரை விரித்து பென்சிலால் கோடு போடுவார். ஒவ்வொரு கோட்டையும் மல்டிமீட்டர் பீப் சத்தத்தில் சரிபார்த்த பிறகுதான் பேனா மை. ரெசிஸ்டரின் வண்ணக் கோடு வெளிறிப் போயிருந்தால் ஊகிக்கவே மாட்டார், ஒரு காலைத் தூக்கி அளந்துவிடுவார். பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பு கூடிக்கொண்டே போகும், அதனால் அளந்த எண்ணும் அசல் எண்ணும் ஒன்றாக இருக்காது. அசல் என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சுற்றியுள்ள சர்க்யூட்டைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஐயா படத்தில் இரண்டு எண்களையும் எழுதுகிறார், அளந்தது பென்சிலில், இருக்க வேண்டியது மையில். இனி எல்லோரும் அப்படியே செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு பெரிய பாடம் கற்றுக்கொடுத்தது ஒரு பிஎஃப்ஓ (பீட் ஃப்ரீக்வென்சி ஆஸிலேட்டர்) செட். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அதில் அலை உண்டாக்கும் சர்க்யூட்டுகளான ஆஸிலேட்டர்கள் இரண்டு, ஒன்று தேடும் காயிலோடு சேர்ந்தது, இன்னொன்று பெட்டிக்குள் அசையாமல் இருப்பது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காதில் சத்தமாகக் கேட்கும். 100 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஆஸிலேட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே 100 ஹெர்ட்ஸ் மாறிவிடும், அது காதுக்கு நன்றாகவே தெரியும். அந்த செட்டில் காயிலோடு இருந்த பாலிஸ்டைரீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) கண்டன்சர் உடைந்திருந்தது, நான் கையில் இருந்த சாதாரண செராமிக்கை அதே மதிப்புதானே என்று வைத்து மூடினேன். காலை எட்டு மணிக்கு அருமையாக வேலை செய்தது. பதினோரு மணி வெயிலில் மொட்டை மாடிக்கு எடுத்துப் போனால் ஒரு ஆணியும் இல்லாத இடத்தில் கீச்சென்று ஏறிக்கொண்டே போகிறது. சூட்டுக்கு அந்த செராமிக்கின் மதிப்பு மாறுகிறது, அவ்வளவுதான் விஷயம். பாலிஸ்டைரீனோ என்பி0 வகை செராமிக்கோ வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கி என்பி0 வாங்கி வைத்தேன், அப்புறம் வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தும் நகரவில்லை. படத்தில் 'மைக்ரோஃபாரட் இவ்வளவு' என்று மட்டும் எழுதினால் போதாது, கண்டன்சர் என்ன வகை என்பதையும் எழுத வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் செயற்குழுவில் தீர்மானம் போட்டோம்.

மிகக் குறைந்த அலைவரிசையில் ஓடும் விஎல்எஃப் செட்டுகளில் கணக்கு இன்னும் நேரடியானது. காயில் 2.5 மில்லிஹென்றி, கண்டன்சர் 0.1 மைக்ரோஃபாரட் என்றால் ஒத்திசைவு சுமார் 10 கிலோஹெர்ட்ஸில் வரும். 0.12 வைத்துவிட்டால் 9.2க்கு இறங்கிவிடும். செட் செத்துப்போகாது, ஆனால் ஃபேஸ், அதாவது அலை ஏறி இறங்கும் நேரம், தள்ளிப் போவதால் இரும்பையும் செம்பையும் பிரித்துச் சொல்லும் திறமை கெட்டுவிடும். ஐந்து வருஷமாக 'ஆழம் போகமாட்டேங்குது, எல்லாத்துக்கும் கத்துது' என்று ஓரமாகக் கிடந்த ஒரு செட்டில் இதுதான் கோளாறு, யாரோ முன்பே பழுதுபார்த்து மாற்றி வைத்திருக்கிறார்கள். படம் இருந்ததால் பத்து நிமிஷத்தில் பிடிபட்டது.

காயிலை நிசப்தப் புள்ளிக்கு, அதாவது அனுப்பும் காயிலின் அலை வாங்கும் காயிலில் தெரியாத இடத்துக்கு, கொண்டுவருவது பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. தேடும் தட்டு விரிசல் விட்டு உள்ளே இருந்த இரண்டு காயில்களும் இடம் மாறியிருந்தன. அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் பெரிய அலை. மாரிகுப்பத்து அண்ணன் நகத்தால் வாங்கும் காயிலை நூலளவு நூலளவாகத் தள்ளத் தள்ள, அலை வற்றி வற்றிக் கோடாகிவிட்டது. அரால்டைட் ஊற்றி மறுநாள் பார்த்தால் பசை இறுகும்போது காயில் நகர்ந்து பாதி அலை திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அண்ணன் முன்கூட்டியே ஒரு சின்ன வயர் வளையத்தைப் பசைக்கு வெளியே விட்டிருந்தார். அதை வளைத்து வளைத்தே மறுபடி கோடாக்கினார், பிறகுதான் கடைசி ஊற்று. இனி யார் காயில் ஒட்டினாலும் அந்த வளையத்தை விடாமல் ஒட்டாதீர்கள். வெளி இரைச்சலைத் தடுக்கக் காயிலின் மேல் தகடு சுற்றும்போது வட்டத்தை முழுதாக மூடாமல் ஒரு இடைவெளி விடுங்கள், மூடினால் அதுவே ஒரு சுற்று ஷார்ட் ஆன காயில் ஆகிவிடும்.

பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் செட்டுகளில் பெரும்பாலும் பேட்டரியின் பாசிட்டிவ்தான் கிரவுண்ட். இதைப் பார்க்காமல் அடாப்டரைக் கோர்த்ததில் ஒரு ஏசி 128 டிரான்சிஸ்டர் போனது. நம் ஜாலஹள்ளி பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) தொழிற்சாலையின் முத்திரை போட்ட பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ஒன்று ஒரு கடையின் மேல்தட்டில் கிடைத்தது, அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மேம்படுத்தும் வேலையில் இரண்டு விஷயம். சிக்னலைப் பெருக்கும் முதல் நிலையில் இருந்த 741 ஐசியை எடுத்துவிட்டு டிஎல்071 வைத்தோம், இரைச்சல் குறைந்தது, பின்னால் வரும் நிலைகளைத் தொடவில்லை, தொட அவசியமும் இல்லை. பேட்டரிக்கு மின்னழுத்தத்தை ஏற்றும் மலிவான பூஸ்ட் மாட்யூல் போட்டதில் அதன் சுவிட்சிங் சத்தம் ரிசீவருக்குள் வந்துவிட்டது. இப்போது மூன்று லித்தியம் செல், அதன் பின்னால் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் லோ டிராப் லீனியர் ரெகுலேட்டர், அமைதியாக இருக்கிறது.

மாதாந்திரப் பேச்சுகளில் எல்லோரும் விரும்பியது 1881 கதை. சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் குண்டு எங்கே என்று தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல், காயில்களால் உலோகத்தைக் கண்டறியும் இன்டக்‌ஷன் பாலன்ஸ் கருவியோடு போனார், கட்டிலின் இரும்புக் கம்பிச் சுருள்கள் குழப்பிவிட்டன. அதே பேச்சில் ஜெர்ஹார்ட் ஃபிஷர் மெட்டல் டிடெக்டருக்காக 1937இல் பெற்ற காப்புரிமையையும் விரித்துப் பார்த்தோம். காப்புரிமைத் தாள்களில் படம் அச்சாகியிருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கம்பெனியின் கையேடு கிடைக்காத ஒரு செட்டின், உலோகங்களைப் பிரித்தறியும் டிஸ்கிரிமினேஷன் பகுதி நமக்குப் புரிந்ததே அப்படி ஒரு தாளிலிருந்துதான்.

மைசூர் ரோட்டுப் பக்கத்து மரக்கடைக்காரர் ஒருவருக்கு ஒரு செட் கடனாகக் கொடுத்தோம். பழைய வீட்டு உத்தரங்களில் ஆணி இருந்தால் ரம்பப் பல் போய்விடும், அவர் இப்போது ஒவ்வொரு கட்டையையும் தடவிப் பார்த்துத்தான் அறுக்கிறார். ஆனால் ஒரு பழைய கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை. புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடக்கும் புதையலைக் கண்டெடுத்தவர் அரசு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியில்லாமல் தோண்டவே கூடாது. இந்த விஷயத்தில் செயற்குழு ஒரே மனதாக இருக்கிறது.

புதுச் செயற்குழுத் தேர்தல் தேநீருக்குப் பிறகு. சந்தா அப்படியே இருக்கும்.

கடைசியாக ஒன்று. திறந்தபடி இருக்கும் மூன்றில் ஒரு செட்டுக்குப் படத்தின் முதல் பக்கம் இருக்கிறது, பவர் சப்ளையும் டிரான்ஸ்மிட்டரும் அதில் முடிந்துவிடுகின்றன, ரிசீவர் 2ஆம் பக்கத்தில். மடிப்பில் கிழிந்த ஓரம், மேல் மூலையில் நீல மையில் '2' என்று எழுதியிருக்கும் என்று கொடுத்தவர் சொன்னார். போன வருஷம் நம் அலமாரியை மாற்றியபோது சில காகிதக் கட்டுகளை உறுப்பினர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனோம். தயவுசெய்து இன்று இரவே ஒருமுறை பிரித்துப் பாருங்கள், கிடைத்தால் மடிக்காமல் கொண்டுவாருங்கள்.