காசியிலிருந்து வைமார் வரை

அன்புள்ள மூர்த்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு ஓசூருக்கே மாற்றல் கிடைத்ததில் எங்களுக்கும் சந்தோஷம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து எழுத்து பளிச்சென்று தெரிகிறது. அதனால் உன்னோடு சண்டை போடவும் தெம்பு வந்துவிட்டது.

மூலமொழி தெரியாதவன் தத்துவம் படிப்பது வெட்டிவேலை என்று எழுதியிருக்கிறாய். சரி, அப்படியானால் ஜெர்மன் தத்துவஞானி ஷோபன்ஹவரை என்ன செய்வாய்? 1814-இல் ஜெர்மனியின் வைமார் நகர நூலகத்திலிருந்து அவர் இரவல் வாங்கிப் போன உபநிடதம் லத்தீனில் இருந்தது. அந்த லத்தீன் பாரசீகத்திலிருந்து வந்தது. மூலத்துக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு மொழிகள்.

பாரசீகத்தில் கொண்டுவந்தவன் ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோ. காசிப் பண்டிதர்களையும் சந்நியாசிகளையும் கூட்டிவைத்து 1657-இல் தில்லியில் அதை முடித்தான். குர்ஆன் குறிப்பிடும் ‘மறைந்திருக்கும் நூல்’ உபநிடதம்தான் என்று நம்பியவன் அவன். 1659-இல் தம்பி ஔரங்கசீப்பின் உத்தரவில் கொல்லப்பட்டான். நூல் கையெழுத்துப் பிரதியாகவே சுற்றி, பைசாபாத்தில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் வழியாக ஆங்க்டீல் துப்பெரோன் என்ற பிரெஞ்சு அறிஞரிடம் போய்ச் சேர்ந்தது. 1755-இல் நம் பாண்டிச்சேரியில் வந்து இறங்கிய அதே ஆள்தான். 1801-02-இல் ஸ்ட்ராஸ்பர்கில் இரண்டு தொகுதிகளாக லத்தீனில் அச்சாக்கினார். அந்த நடை யாருக்கும் புரியாது, ஷோபன்ஹவர் மாதிரி ஒருவருக்குத்தான் அதில் ஏதாவது பிடிபடும் என்று சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லரே பின்னால் எழுதினார்!

எனக்குப் பிடித்த இடம் வேறு. தாராவின் பாரசீகத்தில் உபநிடதம் மட்டும் இல்லை. சங்கரர் உரையில் வரும் விளக்கங்களும் ஆங்காங்கே உள்ளே கலந்திருக்கின்றன. பண்டிதர் சொல்லச் சொல்ல, கேட்டவர்களுக்கு எது புரிந்ததோ அது ஏட்டில் ஏறிவிட்டது. சுத்தமான பதிப்பு வேண்டும் என்பவர்களுக்கு இது குற்றம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு தத்துவத்தை இன்னொருவருக்குப் புரியவைக்க உட்கார்ந்தால் விளக்காமல் நகர முடியாது. பின்னாளில் நேரடியாக சமஸ்கிருதத்திலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்கு வந்தவற்றைப் பார்த்த பிறகும், இந்தப் பாரசீக வழி லத்தீனே மேல் என்றுதான் ஷோபன்ஹவர் சொன்னார். வாழ்க்கைக்கும் சாவுக்கும் அதுவே தனக்கு ஆறுதல் என்றும் எழுதினார். வளர்த்த நாய்க்கு ஆத்மா என்று பெயர் வைத்த மனுஷர், வேறென்ன சொல்வார்!

அவர் முழுக்க நம்பத்தக்க சாட்சி இல்லை என்று நீ சொல்வாய். உண்மைதான். தன் எண்ணத்துக்குத் தோதானதைத்தான் அதில் அவர் அதிகம் கண்டார் என்று எனக்கும் படுகிறது. ஆனால் அப்புறம் நடந்ததையும் பார். அவரைப் படித்து மயங்கிய பால் டாய்சன் என்ற ஜெர்மானியர் சமஸ்கிருதமே கற்றுக்கொண்டு, 1897-இல் அறுபது உபநிடதங்களை நேரே ஜெர்மனில் தந்தார். இரண்டு மொழி சுற்றி வந்த பிரதிதான் ஒருவரை மூலத்துக்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது.

அதனால் ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டை இங்கிலீஷில் ஆரம்பித்துப் பாதியில் மூடி வைத்தாயே, அதை எடுத்து முடி. திட்டுவதானாலும் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. பொங்கல் கழித்து இங்கே வருவதாகச் சொன்னாய். தேதியை முன்கூட்டியே எழுது, மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கச் சொல்கிறேன்.

உன்,
சேது