பைக்கைப் பின்னால் தொங்கவிடாதே, அம்மா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். களக்காட்டில் நாலு நாளாகச் சாரல். மலை முகமே தெரியவில்லை. அம்மா உனக்குத் தனியாக எழுதுவாள்.

போனில் பேச ஆரம்பித்தால் பேத்தி வாங்கிக்கொள்கிறாள், சொல்ல வந்தது நின்றுபோகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பிக்கப் வண்டியில் மாட்டி இழுத்துப்போய் உள்ளேயே தங்குகிற முப்பது அடி டிரெய்லர் வாங்கி, அடுத்த மாதம் டெக்சாஸிலிருந்து கொலராடோ மலைப்பக்கம் போகப்போகிறீர்கள் என்றதும் சந்தோஷமாக இருந்தது. உன் ராயல் என்ஃபீல்டையும் கூடக் கொண்டுபோவது இன்னும் சந்தோஷம். அவ்வளவு பெரிய வண்டியை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டால், பால் வாங்கவும் அருவி பார்க்கவும் அதையா கிளப்ப முடியும்? சின்ன வயதில் உன்னைப் புல்லட் டேங்கின் மேல் உட்காரவைத்துத் தலையணைக்குக் குளிக்கக் கூட்டிப்போவேன். இரண்டு கையாலும் ஹேண்டில் நடுவைப் பிடித்துக்கொண்டு, திரும்பும்போதெல்லாம் நீயும் சேர்ந்து சாய்வாய். அந்தப் பிள்ளை அங்கே போய் அதே வண்டி வாங்கி ஓட்டுகிறது என்பதை நான் யாரிடம் சொல்லாமல் இருந்திருக்கிறேன்?

ஆனால் டிரெய்லரின் பின் பம்பரில் தாங்கி போட்டு அதில் பைக்கை ஏற்றப்போவதாகச் சொன்னாயே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அது வேண்டாம் அம்மா.

தாத்தாவின் மாட்டுவண்டி உனக்கு நினைவிருக்காது. நெல் மூட்டை ஏற்றும்போது தாத்தா மூட்டையைப் பார்க்க மாட்டார், நுகத்தடியைத்தான் பார்ப்பார். பாரம் இருசுக்கு முன்னால் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்னால் கூடினால் நுகம் மேலே தூக்கி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும். வண்டி மாட்டின் சொல் கேட்காது. முன்பாரம் கொஞ்சம் இருக்க வேண்டும், பின்பாரம் கூடவே கூடாது என்பார். உன் டிரெய்லரும் இரண்டு மாட்டுக்குப் பதிலாகப் பிக்கப் இழுக்கிற வண்டிதான்.

எடைமேடையில் ஏற்றிப் பார்த்ததாகச் சொன்ன கணக்கை வைத்தே சொல்கிறேன். சாமானோடு டிரெய்லர் 3,400 கிலோ. அதன் மூக்கு, பிக்கப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டுகிற ஹிட்ச் உருண்டையை அழுத்துவது 420 கிலோ. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. உன் வண்டி இப்போது 12 சதவீதத்தில் அருமையாக நிற்கிறது. பைக் 195 கிலோ, தாங்கி 35 கிலோ என்று வை. சக்கரத்திலிருந்து ஹிட்ச் வரைக்கும் 18 அடி, பின்னால் பைக் தொங்கும் இடம் வரைக்கும் 14 அடி. பிள்ளைகள் விளையாடும் சீசா பலகை மாதிரி பின்னால் அழுத்தினால் முன்னால் தூக்கும். 230-ஐ 14-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்துப் பார். கிட்டத்தட்ட 180 கிலோ மூக்கிலிருந்து போய்விடும். மிச்சம் 240. மொத்த எடையோ 3,630 ஆகிவிட்டது. ஏழு சதவீதம்கூடத் தேறவில்லை. மூக்கு லேசான டிரெய்லர் வால் ஆட்டும். வேகம் கூடக் கூட அது இழுக்கிற வண்டியையே சேர்த்து ஆட்டும்.

காற்று வேறு. ஆடி மாதம் என் வேனில் ஏத்தன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழி கணவாய்க்குள் நுழையும்போது ஸ்டீயரிங்கை யாரோ பக்கத்திலிருந்து பிடுங்குவது போலிருக்கும். காற்றாலைகள் சும்மாவா அங்கே நிற்கின்றன? என் வேன் நாலு சக்கரமும் ஒரே சட்டத்தில் உள்ளது, அதற்கே அப்படி. உங்களுடையது நடுவில் மூட்டு உள்ள வண்டி. ஒருவேளை ஆட ஆரம்பித்தால் மாப்பிள்ளை பிக்கப் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் டிரெய்லர் பிரேக்குக்குத் தனியாக இருக்கும் சின்ன லீவரைக் கையால் மெல்ல அழுத்த வேண்டும். அவர் கை தானாக அங்கே போகும்படி இப்போதே பழகச் சொல்.

இன்னொன்று. மாப்பிள்ளை வீடியோவில் டிரெய்லரைச் சுற்றிக் காட்டும்போது பின் பம்பரின் மூடியைத் திறந்து உள்ளேயிருந்து கழிவுநீர் ஹோஸை உருவினாரே, கவனித்தாயா? ஹோஸ் வைக்கிற மெல்லிய தகட்டுக் குழாய் அது. அதிலா இருநூறு கிலோவுக்கு மேல் தொங்கவிடுவது? ஒவ்வொரு பள்ளத்திலும் அது குதிக்கும், வெல்டிங் விட்டுப்போகும்.

பின்னால் கராஜ் வைத்த டிரெய்லர் இருக்கிறது, மாற்றிவிடலாமா என்றும் கேட்டாய். பைக்குக்கென்றே கட்டியது, பாரம் சரியாக உட்காரும். ஆனால் பெட்ரோல் நிற்கிற கூரைக்குக் கீழே பேத்தி படுப்பாள். தினம் இறக்கி வெளியே விட்டுத்தான் படுக்க வேண்டும், காற்றோட்டமும் பார்க்க வேண்டும். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பிக்கப் தொட்டியிலேயே ஏற்று. கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் ஆளும் சரக்கும் சேர்த்து 1,080 கிலோ என்று போட்டிருப்பதாகப் படம் அனுப்பினாயே. மூக்குப் பாரம் 420, பைக் 195, நீங்கள் மூன்று பேர் 170, ஹிட்ச் இரும்பு 45. 830 ஆயிற்று. இடம் இருக்கிறது. தொட்டி ஆறரை அடி, பைக் ஏழு அடி. மூலைவாட்டில் நிறுத்தினால் பின்கதவு மூடும். கதவைத் திறந்துபோட்டுப் போகாதே, திருப்பத்தில் டிரெய்லரின் மூக்கில் இடிக்கலாம்.

ஏற்றும்போது சரிவு தேடு. நாங்கள் வாய்க்கால் கரை மேட்டுக்கு வேனைப் பின்னால் விட்டுத்தான் ஏற்றுவோம், பலகை கிட்டத்தட்ட மட்டமாகிவிடும். இரண்டு பேர் வேண்டும். ஓட்டிக்கொண்டு ஏறாதே.

கட்டுவதில்தான் நான் ஒரு முறை பாடம் படித்தேன். என் புல்லட்டை சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, நைலான் கயிற்றால் ஹேண்டில் பிடியைக் கட்டி வள்ளியூர் போனேன். ஏர்வாடி தாண்டுவதற்குள் கயிறு இளகி, பைக் சாய்ந்து, பெட்ரோல் வாழைத்தார்களின் மேல் ஒழுகிவிட்டது. அன்றைய சரக்கு முழுக்க நஷ்டம். நைலான் இழுபடும், ஸ்டாண்ட் பாரம் தாங்காது, பிடி நழுவும். அதனால் முன் சக்கரத்துக்கு அண்டக் கட்டை போட்டு, ஸ்டாண்டை மடக்கி, பைக்கை நேராக நிறுத்து. மெத்தென்ற பட்டை வளையத்தை, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்ப் பிடியில் சுற்றி, இரண்டு பக்கமும் நெம்பி இறுக்குகிற ராட்செட் பெல்ட்டால் முன்னோக்கி இழு. ஃபோர்க் பாதி அமுங்கினால் போதும். முழுசாக அமுக்கினால் ஆயில் சீல் போய்விடும். பின்னாலும் இரண்டு பெல்ட். மொத்தம் நாலு.

அப்புறம் முதல் முப்பது கிலோமீட்டரில் கட்டாயம் நிறுத்து. பெல்ட் அதற்குள் ஒரு சுற்று இளகியிருக்கும். ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. நீங்கள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இங்கே சாயங்காலம் நாலரை. போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா